சத்தத்தைப் பொத்திவைத்துப் பார்த்த படம்

அன்புச் செல்லத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. நீ அங்கே நன்றாக இருப்பதாகப் போனில் சொல்வதில் பாதியை நம்புகிறேன், மீதியை நேரில் பார்க்கும்போது நம்பிக்கொள்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்கும்மா கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் ஒன்று ஆரம்பித்தால் உன் அண்ணன் பின்னால் நின்று இன்னொன்று சொல்லுவான், நீ சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், சொல்ல வந்தது எனக்குத் தொண்டையிலேயே நின்றுவிடும். இந்த விஷயத்தை யாரும் குறுக்கே பேசாமல் முதலிலிருந்து நானே சொல்ல வேண்டும். அதனால் கண் மருத்துவமனையில் சாப்பாட்டு நேரத்தில் டோக்கன் கொடுக்கும் ஜன்னலைச் சாத்திவிட்டு எழுதுகிறேன். வெளியே ஒரு பெரியவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடியே, இன்னும் எவ்வளவு நேரம்மா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இருங்கய்யா, பொண்ணுக்குக் கடிதம் எழுதறேன் என்றேன். எழுதும்மா எழுது, நான் எங்க பார்க்கப்போறேன் என்றார்.

உன் படம் வீட்டிலேயே பார்க்கிற மாதிரி வந்துவிட்டது என்று நீ சொன்ன அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. மாதாமாதம்தான் பணம் கட்டுகிறோமே, அதிலேயே வந்துவிடும் என்று நினைத்து டிவியைப் போட்டுத் தேடினேன். படம் வந்தது, கூடவே ஒரு பூட்டும் வந்தது. உன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவன் பார்த்துவிட்டு, அம்மா இது புதுசு, மாசக் கட்டணத்துக்கு மேல தனியா கட்டணும், அதுவும் வாடகைக்குத்தான், ரெண்டு நாள்ல மறுபடி பூட்டிக்கும், நாலு மாசம் பொறுத்தா சும்மாவே வரும், எதுக்கு அவசரம் என்றான். லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் அல்லவா, மேலே போனதெல்லாம் தானாகக் கீழே வரும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. பொறுத்துக்கிட்டு இருக்க இது என்னடா யாரோ எவரோ எடுத்த படமா, உன் தங்கச்சி வேலை பார்த்த முதல் படம்டா, கட்டுடா என்றேன். கட்டினான். கட்டிவிட்டு, அப்பாகிட்ட நீயே சொல்லிக்கோ, என்னை இழுக்காதே என்று ஒரு கொக்கியும் போட்டான்.

அங்கேதான் கண்ணு நான் மாட்டிக்கொண்டேன். நீ இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, சினிமாவில் நடக்கிறவர்களுக்குக் காலடிச் சத்தம் கொடுக்கிற வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினாயே, அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தியவர் உன் அப்பா. நான் போனை நீட்டினால், கேட்டேன்னு சொல்லு என்பதோடு சரி. கடைக்கு வருகிறவர்கள் பொண்ணு என்ன பண்றா என்று கேட்டால் செருப்புப் பெட்டி எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொள்வார். வீட்டில் என்னிடம் மட்டும், நான் செருப்பு வித்து அவளைப் படிக்க வெச்சேன், அவ அந்தச் செருப்பை மாட்டிக்கிட்டு கல்லு மேலயும் மண்ணு மேலயும் நடந்து காட்டறா, நடக்கிறதுக்கு எதுக்குடி படிப்பு, இங்கேயே நடந்திருக்கலாமே என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். நீ மட்டும் என்ன, அவர் பெற்ற பெண்தானே, அவரா கூப்பிடட்டும் என்று நீயும் அங்கே முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். நடுவில் போனைத் தூக்கிக்கொண்டு அலைகிறவள் நான். நீங்கள் சண்டை போட்டால்கூட எனக்குத் தேவலை, பேசாமல் இருப்பதே இரண்டு பேருக்கும் பழகிப்போய்விடுமோ என்பதுதான் என் பயமெல்லாம். யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

அந்தப் படம் இந்த வீட்டில ஓடக்கூடாது, அதோட சத்தம் என் காதுல விழக்கூடாது என்று அவர் முன்னாலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கட்டின பணத்தை விடவும் மனசில்லை, அவரிடம் சொல்லவும் தைரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கு லீவு, சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுத்தார். நானும் உன் அண்ணனும் ஹாலில் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, கீழே எழுத்து ஓட விட்டுப் படத்தைப் போட்டோம். வீட்டுக்காரர்களே திருடர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம் போ. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுத்தைப் படித்தேன், ஒரு வரி முடிவதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது. சண்டை நடக்கிறது, மழை பெய்கிறது, தட்டு உடைகிறது, எல்லாம் ஊமையாக. பாதிப் படம் போனதும் உன் அண்ணன் என் காதில், படம் நல்லாத்தாம்மா இருக்கு, ஆனா இதுல இவ என்ன பண்ணியிருக்கான்னுதான் தெரியலை என்று கிசுகிசுத்தான். நானும் அதையேதான் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பொட்டில் அடித்த மாதிரி உறைத்தது. அடக் கடவுளே, இவள் வேலையே சத்தம், அதையல்லவா பொத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்! தனியாகப் பணம் கட்டி, உன் வேலையை மட்டும் விட்டுவிட்டு ஊரார் வேலையையெல்லாம் பார்த்திருக்கிறோம். எனக்கு வந்தது பார் கோபம், அவர் மேலா என் மேலா தெரியாது, வர்றது வரட்டும் என்று ரிமோட்டைப் பிடுங்கிச் சத்தத்தை ஏற்றினேன், ஏற்றிக்கொண்டே போனேன்.

அந்த நேரம் பார்த்துப் படத்தில் ஒரு அம்மாள் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாள், முகம் மட்டும் தெரிகிறது. வெளியே யாரோ மாடிப்படி ஏறி வருகிறார்கள். ஆள் தெரியவில்லை, சத்தம் மட்டும். தடதடவென்று கொஞ்சம் படி, நின்று ஒரு மூச்சு, பிறகு கைப்பிடிக் கம்பியைத் தட்டிக்கொண்டே மீதிப் படி, கடைசியில் இரண்டு காலையும் சேர்த்து ஒரு குதி. எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் ஆபீஸ் விட்டு வந்தாலும் நீ நம் வீட்டுப் படியில் அப்படித்தானே ஏறி வருவாய். எவ்வளவு வளர்ந்த பிறகும் கடைசிப் படியை நீ நடந்து ஏறி நான் பார்த்ததில்லை. உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

உள்ளறையில் கட்டில் கிரீச்சென்றது. உன் அப்பா எழுந்து வந்தார். எங்களைப் பார்க்கவில்லை, டிவியைப் பார்க்கவில்லை, சட்டையில் பாதிப் பித்தான் போட்டும் போடாமலும், முழங்கால் வலி எங்கே போனதோ, விடுவிடுவென்று போய் வாசல் கதவின் தாழ்ப்பாளை எடுத்தார். திறக்கும்போதே, வந்துட்டியா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்றார். மெதுவாகத்தான் சொன்னார், எனக்குக் கேட்டது. அவ்வளவு பிரியமாக அவர் யாரிடமும் பேசி நான் கேட்டே வெகுகாலம் ஆகிறது. படிக்கட்டில் யாரும் இல்லை. எட்டிக் கீழே பார்த்தார், மேலே பார்த்தார், அப்படியே நின்றார். உன் அண்ணன்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அப்பா, அது டிவிப்பா என்றான். அவர் திரும்பாமலே, எனக்குத் தெரியும்டா, காத்து வரட்டும்னு திறந்தேன் என்றார். உன் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் சோபாத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நான் சிரிக்கவில்லை கண்ணு. எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது, காற்று வாங்க நிற்கிறவர் தோள் அப்படிக் குலுங்காது.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த இடத்தை மறுபடி போடு என்றார். போட்டோம். இன்னொரு தடவை என்றார். அப்புறம் படத்தை முதலிலிருந்து முழுச் சத்தத்தோடு ஓட விட்டோம். பார்க்கிறவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா பார்ப்பாரா? இது ரப்பர் அடி, இது தோல் அடி, இங்க பாரு இது குதிகால் தேஞ்ச செருப்பு என்று ஒரே விமர்சனம். வில்லன் தரையில் நடந்து வருகிற இடத்தில், அளவு பெரிய ஷூவை மாட்டியிருக்கா, குதிகால் டப்டப்புன்னு அடிக்குது, உள்ள கொஞ்சம் துணி வெச்சிருக்கணும் என்றார். அந்தத் தடியன் நடையும் நீதானாமே, உன் அண்ணன் சொன்னான். அடி சாமர்த்தியக்காரி! படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தால் இந்த டிவி என்ன செய்தது தெரியுமா, அதைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி மூலையில் தள்ளிவிட்டு வேறு ஏதோ படத்துக்கு விளம்பரம் போட ஆரம்பித்தது. உன் அப்பா எழுந்து நின்றுவிட்டார். தனியா காசு வாங்கிக்கிட்டு பேரைக் காட்டாம ஓடறான் பாரு, பிடிடா அவனை என்று ஒரு கத்தல். உன் அண்ணன் பதற்றத்தில் எதையோ அழுத்தப் படம் மறுபடி முதலிலிருந்து வந்து நின்றது. ஒருவழியாக உன் பெயரைப் பெரிசாக்கி நிறுத்தினோம், எதிரே காலடி ஓசை என்று போட்டிருந்தது. அவர் டிவிக்கு முன்னால் போய் நின்று சத்தம் போட்டு வாசித்தார். எங்களுக்குப் படிக்கத் தெரியாத மாதிரி இன்னொரு தரமும் வாசித்தார்.

மறுநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து பார்த்தால் பக்கத்துக் கடை கடிகாரம் ரிப்பேர் செய்பவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார், எம் பொண்ணு நடக்கிறதை வந்து கேளுங்க என்று. அதற்கு அடுத்த நாள் தையல்காரரும் அவர் மனைவியும். அதற்குள் படம் பூட்டிக்கொண்டுவிட்டது. உன் அண்ணனுக்கு வாய் சும்மா இருக்குமா, நாலு மாசம் பொறுத்தா சும்மாவே வரும்பா என்று ஆரம்பித்தான். வந்தவங்க முன்னாடி என்னடா பேச்சு, கட்டுடா என்றார். கட்டினான். வந்தவர்களுக்கு டீ போட்டுப் போட்டே என் கை ஓய்ந்துவிட்டது, ஆனாலும் இப்படி ஓயட்டும் என்றுதான் இருக்கிறது.

இன்னும் உன்னைக் கூப்பிடவில்லை. போனை எடுத்து உன் பெயர் வரைக்கும் போகிறார், அவ வேலையா இருப்பா என்று கீழே வைக்கிறார். பேச நினைக்கிறவர் பேசத் தெரியாமல் தவிக்கிறார், அவ்வளவுதான். இந்த ஒரு தடவை உன் முறுக்கைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு நீயே கூப்பிடு, எனக்காக. அவர் எடுத்து உடனே செருப்பைப் பற்றித்தான் பேசுவார், கேட்டுக்கொள், குறுக்கே விவாதம் பண்ணாதே. வெறுங்காலோடு ஜல்லிமேல் நடக்கிற வேலை இருந்தால் முடிந்ததும் வெந்நீரில் காலை வை. ஈரக் காலோடு தூங்காதே. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, வயிறு சத்தம் போட்டால் அதையும் பதிவு செய்துவிடப்போகிறார்கள்.

உன் அப்பா கடையிலிருந்து ஒரு பெரிய பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார், தோல் அடி, மர அடி, ஆண்பிள்ளை அளவு எல்லாம் அதில் வருகிறது. இந்தக் கடிதத்தையும் அதிலேயே வைக்கிறேன். பெட்டி வந்ததும் சேர்ந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, இல்லாவிட்டால் அவர் கூரியர்காரனைப் படுத்தி எடுத்துவிடுவார். கை கால் சுகத்தோடு, வைத்த அடியெல்லாம் நல்ல அடியாக, நீ எப்போதும் சிரித்துக்கொண்டிரு. பெரியவருக்குக் கண் திறக்கிற நேரம் ஆகிவிட்டது, ஜன்னலைத் திறக்கிறேன்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா

கீழே கொஞ்சம் இடம் விடச் சொன்னார் உன் அப்பா, விட்டிருக்கிறேன்.

பெட்டியில் இருப்பதெல்லாம் உன் வேலைக்கு. அடியில் தனியாகச் சுற்றி வைத்திருக்கும் கறுப்பு ஜோடி வேலைக்கு இல்லை. அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வா.
அப்பா