எக்ஸ்ரே வண்டியில் ஆடும் டிரான்ஸ்பார்மருக்குப் பட்டை கேட்டு மனு

அனுப்புநர்:
தையற்கடைக்காரரின் தாயார்,
தையற்கடைக்கு மேல் மாடி வீடு.

பெறுநர்:
உயர்திரு மேற்பார்வை அதிகாரி அவர்கள்,
நடமாடும் எக்ஸ்ரே வண்டிப் பிரிவு.

பொருள்: எக்ஸ்ரே பெட்டிக்கு உள்ளே ஆடும் டிரான்ஸ்பார்மரை இறுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது முதல் மனுவும், தாங்கள் அனுப்பிய ஒருவரிப் பதிலும். (அந்த வரி எனக்கு மனப்பாடம்.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெருவுக்கு வரும் எக்ஸ்ரே வண்டி நேற்றும் படம் எடுக்காமலே திரும்பிப் போனது. சென்ற முறையும் இதே கதைதான். அப்போது மனு போட்டேன். "இயந்திரம் உரிய முறையில் இறுக்கிக் கட்டப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. பொய்யில்லை. பெட்டிக்கு அடியில் மெத்தை, மேலே பெல்ட் என்று எல்லாம் பலமாகத்தான் இருக்கிறது. வெளியே.

2. நேற்று மெக்கானிக் பின்மூடியைக் கழற்றியபோது நானும் எட்டிப் பார்த்தேன். செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர், ஈயம் வைத்து ஒட்டிய கம்பிக் கால்களில் நிற்கிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அது குதிக்கிறது, கால் விட்டுப்போகிறது. அவர் மறுபடி ஈயம் வைக்கிறார், வண்டி அடுத்த தெருவுக்குப் போவதற்குள் மறுபடி உதிர்க்கிறது. "பட்டை போட்டு முடுக்கக் கூடாதாப்பா?" என்றேன். "ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா போட்டுடறேன்மா. நானா ஓட்டை போட்டா என் வேலை போயிடும்" என்றார். ஆகவே தங்களிடம் வருகிறேன்.

3. என் மகனின் தையல் மெஷினில் மோட்டாருக்குத் தனியாகத் திருகாணி உண்டு. மேசையைச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிட்டு மோட்டாரைத் தொங்கவிட்டால் தையல் நேராக வருமா என்று தாங்களே யோசிக்கவும்.

4. இதில் எனக்கென்ன அவசரம் என்று கேட்பீர்கள். என் ஓரகத்தி கால் முறிந்து, மாவுக்கட்டோடு என் வீட்டுக் கூடத்தில் படுத்திருக்கிறாள். எலும்பு கூடிய படத்தைப் பார்க்காமல் கட்டைப் பிரிக்க மாட்டேன் என்கிறார் டாக்டர். படத்துக்குத் தங்கள் வண்டியை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை. அவளோடு எனக்குப் பேச்சு கிடையாது. என் மகள் கல்யாணத்தில், சபை நடுவே, "பொண்ணு லட்சணமா இருக்கா, நல்லவேளை அம்மா ஜாடை இல்லை" என்று சொன்னவள் அவள். அன்று அவள் கட்டியிருந்த புடவையின் கரை நிறம் வரை எனக்கு நினைவிருக்கிறது. இப்போது எல்லாம் என் மகன் வழியாகத்தான் நடக்கிறது. "காபி ஆறிப்போச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லுடா" என்பாள். "சூடா வேணும்னா எழுந்து வந்து போட்டுக்கச் சொல்லுடா" என்று வாய்வரை வரும். எழ முடியாதவளிடம் அதைச் சொல்ல முடியுமா? மறுபடி சுடவைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

5. எனவே ஐயா, டிரான்ஸ்பார்மருக்கு இரும்புப் பட்டை போட்டு, அடியில் ரப்பர் வைத்து, கழலாத வாஷரோடு அடித்தட்டில் முடுக்க உத்தரவிட வேண்டுகிறேன். பக்கத்தில் நிற்கும் குண்டு உருளைகளுக்கும் (கெப்பாசிட்டராம்) ஒரு பிடி தேவை, அவையும் ஆடுகின்றன. ஓட்டுநர் வேகத்தடையில் பறக்காமல் இருந்தால் புண்ணியம். "உரிய முறையில்" என்று மட்டும் மறுபடி எழுத வேண்டாம்.

6. அடுத்த முறை படம் விழுந்தாக வேண்டும். கட்டுப் பிரிந்து அவள் தன் காலில் நின்றதும், கல்யாணத்தில் சொன்ன சொல்லுக்கு என் பதில் தயாராக இருக்கிறது. படுத்திருப்பவளிடம் சண்டை போட எனக்கு மனம் வரவில்லை.

நாள்: வண்டி திரும்பிப்போன மறுநாள்
இடம்: மேற்படி மாடி வீடு

இப்படிக்கு,
அடுத்த முறையும் வண்டிக்குள் எட்டிப் பார்க்கப்போகும்
தையற்கடைக்காரரின் தாயார்
(கையொப்பம்)