எழுபது கண்ணிச் சங்கிலி

என் அன்பு அண்ணைக்கு,

உங்களோடு நான் கதைக்காமல் இரண்டு பனிக்காலம் போய்விட்டது. செத்தவரோடு கோபித்துக்கொண்டிருக்க இவளால்தான் முடியும் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

பனிக்கு மேல் நீங்கள் ஓட்டித் திரிந்த ஸ்னோமொபைலை உங்கள் மனுசி, என் மச்சாள், விற்கப் போகிறார். ஐஸ் உடைந்து நீங்கள் அதோடு மூழ்கிய ஏரிக்குள்ளிருந்து இழுத்தெடுத்த கிழமையே ஒரு மெக்கானிக் என்ஜினை உலர்த்திக் கொடுத்தார். பிறகு லாசாலில் உங்கள் வீட்டுக் கராஜில் போர்வைக்குள் கிடந்தது. வாங்க வந்தவர் ஓட்டிப் பார்த்தபோது சங்கிலி கடகடவென்று அடித்ததாம். தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவள் நான் என்பதால், மச்சாள் என் ஆன்சரிங் மெஷினில் இரண்டே வரி சொல்லிவைத்தார்.

செத்தவீட்டுக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் பேச்சில்லை. காரணம் என் வாய். உங்கள் பெட்டிக்கு முன்னால் நின்று, "வேகம் வேகம் எண்டு திரிஞ்சவர், வேகமே கொண்டுபோட்டுது" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். நிலம் உறைந்திருந்ததால் சித்திரையில்தான் உங்களைப் புதைத்தோம். எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். நான் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

போன சனிக்கிழமை சங்கிலிப் பெட்டியைத் திறந்தேன். எண்ணெயோடு துருத் தண்ணீர் வந்தது, அண்ணை. அந்த ஏரித் தண்ணீர். இவ்வளவு காலமும் அதற்குள்ளேயே இருந்திருக்கிறது. என் விரல்களில் வழிந்தபோது, பின்னால் ஈர உடுப்போடு நீங்கள் நிற்பதாகவே பட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்கவில்லை.

சங்கிலி துருவேறி, சில கண்ணிகள் மடங்கவே மறுத்தன. புதிதுதான் போட வேண்டும். கையேட்டில் எழுபத்திரண்டு கண்ணி என்று இருந்தது. பழையதை எண்ணிப் பார்க்காமல் அதையே வாங்கினேன். அவசரக்குடுக்கை என்று நீங்கள் சும்மாவா சொன்னீர்கள்? பூட்டினால் தொளதொளவென்று தொங்கியது. இறுக்கும் திருகாணியை முடிவு வரை திருகியும் சரிவரவில்லை.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ஊரில் உதிரிப்பாகம் விற்கும் கிழவரிடம் இரண்டையும் கொண்டுபோனேன். அவர் பழைய சங்கிலியை மேசையில் நீட்டி, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். எழுபது. "மேல் சக்கரத்தை யாரோ மாற்றியிருக்கிறார்கள்" என்றார். சின்னப் பற்சக்கரம் போட்டால் சங்கிலியும் குறையும், வேகமும் குறையும்.

யாரோவா? அந்த இயந்திரத்தில் உங்களைத் தவிர யார் கைவைத்தது? கராஜுக்குத் திரும்பி வந்து தேடினேன்; பெரிய சக்கரம் உங்கள் கருவிப் பெட்டிக்குள், பழைய பெனியனில் சுற்றியபடி இருந்தது. வாய் கிழிய வீரம் பேசிவிட்டு, இரகசியமாக வேகத்தைக் குறைத்துவிட்டுத்தானா ஓடித் திரிந்தீர்கள்? என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கக்கூடாதா?

நேரே குசினிக்குப் போய், சக்கரத்தை மச்சாளுக்கு முன்னால் வைத்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "நான்தான் கெஞ்சினனான், வேகத்தைக் குறையுங்கோ எண்டு."

"அப்ப ஏன் அண்டைக்கு என்ர வாயை அடைக்கேல்லை?"

மச்சாள் சக்கரத்தைக் கையில் எடுத்தார். "மெல்லிசான ஐஸில வேகமாப் போனால் தாண்டிப் போயிடலாமாம். செத்தவீட்டிலதான் ஆரோ சொல்லிச்சினம். நான் குறைக்கச் சொன்னபடியாத்தான் அவர் தாண்டேல்லையோ? நீர் கத்தினது எனக்கு ஆறுதலா இருந்தது. வேகமாப் போய்ச் செத்தவர் எண்டால் என்ர பிழை இல்லையே."

என் கோபத்துக்குள் ஒளிந்துகொண்டா இவர் இரண்டு வருடம் உயிரோடிருந்தார்? "இல்லை மச்சாள், உங்கட பிழை இல்லை" என்றேன். எனக்கு எப்படித் தெரியும், அண்ணை? உங்களுக்காவது தெரியுமா?

பெரிய சக்கரத்தைத் திரும்பப் போட்டிருந்தால் நான் வாங்கிய சங்கிலியே பொருந்தியிருக்கும். வாங்குகிறவருக்கும் வேகம்தான் பிடிக்குமாம். ஆனாலும் இன்றைக்குப் போய் எழுபது கண்ணியுள்ளதை வாங்கி வந்து பூட்டினேன். மச்சாள் கேட்டு நீங்கள் செய்ததை என் கையால் பிழையாக்க மனம் வரவில்லை. அவர்தான் பக்கத்தில் நின்று டோர்ச் பிடித்தார்.

நிலம் இளகட்டும், அண்ணை. மச்சாளையும் கூட்டிக்கொண்டு வருவேன். அன்றைக்குப் போடாமல் விட்ட ஒரு பிடி மண்ணை உங்களுக்குப் போடுவேன்.

கையைப் பைக்குள்ளிருந்து எடுத்துவிட்ட
உங்கள் தங்கச்சி