இருபத்திரண்டு டிகிரியில் கிளம்பாத வண்டி

டிசம்பர் 17, புதன்

அப்பாவின் கேட்டரிங் வண்டி இன்றும் கிளம்பவில்லை. நாலே முக்காலிலிருந்து அரை மணி நேரம் சாவியைத் திருகினேன். செல்ஃப் நன்றாகத்தான் சுற்றுகிறது. இன்ஜின் ஒரு தடவை உறுமும், வெள்ளைப் புகை விடும், செத்துவிடும். பின்னால் அறுநூறு இட்லி, இரண்டு அண்டா சாம்பார். அடையாறு சபா கேண்டீனில் ஏழு மணிக்கு இலை போட்டாக வேண்டும். கடைசியில் மூன்று ஆட்டோ பிடித்தோம். சாம்பார் அண்டாவைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நான் போனதை எங்கள் தெரு மார்கழி முழுக்கப் பேசும்.

ஒன்பது மணிக்கு வெயில் வந்த பிறகு அப்பா சாவியைத் தொட்டார். ஒரே திருகு. கிளம்பிவிட்டது. எனக்குக் கைராசி இல்லையாம். பாத்திரம் கழுவப் போனேன்.

டிசம்பர் 18, வியாழன்

ஈக்காட்டுத்தாங்கலில் மெக்கானிக் ஹனீஃபா பாயின் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். விடியற்காலைக் குளிரில் மட்டும் கிளம்ப மாட்டேன் என்கிறது என்றேன். ஷெட்டே சிரித்தது.

"இன்னா பாப்பா, இது ஊட்டியா? இருபத்திரண்டு டிகிரிய குளிருன்னு சொல்லிக்கினு கீற."

சிரித்தாலும் பாய் வேலையில் குறை வைக்கவில்லை. இன்ஜினைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் நாலையும் மாற்றினார். டீசல் லைனில் காற்று இருக்கிறதா என்று பார்த்தார். நாளைக்குப் பறக்கும் என்றார்.

டிசம்பர் 19

பறக்கவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

பேட்டரியும் புதிது. பலன் பூஜ்யம். புது டிரைவர் மூன்றாம் நாளே நின்றுவிட்டார். ஓட்டத்தான் வந்தேன், தள்ளுவதற்கு வரவில்லை என்றார். நியாயம்தானே. இந்தச் சீசனில் போகிற இரண்டாவது ஆள்.

மைசூரிலிருந்து மறுபடி மெயில். உணவுப் பரிசோதனைக் கூடத்து வேலை, ஜனவரி 19 சேர முடியுமா என்று உறுதி செய்யச் சொல்கிறார்கள். அம்மா போனபோது ஒரு சீசனுக்கு உதவலாம் என்று கோயம்புத்தூர் வேலையை விட்டு வந்தேன். இது மூன்றாவது சீசன். "டிரைவர் ஒருத்தன் நிலைச்சான்னா நீ கிளம்பேன், யார் பிடிச்சு வெச்சிண்டிருக்கா?" என்பார் அப்பா. யாரும் பிடித்து வைக்கவில்லை. வண்டி கிளம்பினால் டிரைவர் நிலைப்பார், டிரைவர் நிலைத்தால் நான் போகலாம். வண்டி கிளம்பாது. அவ்வளவுதான் என் கதை.

டிசம்பர் 24, புதன்

ஹனீஃபா பாய் ராத்திரி முழுக்க வண்டியைத் தன் ஷெட்டில் வைத்துப் பார்த்தார். காலை ஐந்து மணிக்கு முதல் திருகிலேயே எடுத்ததாம். "எங்கிட்ட ஒழுங்காதான் கீது. உன் வூட்டாண்டதான் மொரண்டு பண்ணுது." என்னைத்தான் சொல்கிறாரோ என்று தோன்றியது.

டிசம்பர் 27, சனி

எப்படியோ கிளம்பியது. அடையாறில் அணைக்கப் பயம். அணைத்தால் திரும்பக் கிளம்பும் என்று யார் உத்தரவாதம்? ஒரு மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டுக் கேபினிலேயே உட்கார்ந்திருந்தேன். சபாவுக்குள் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முப்பத்தொன்று ஆகிறது. இறங்கக்கூட முடியாத ஒரு சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வாட்ச்மேன் வந்து புகைக்காகத் திட்டினார். அழுகை வந்தது, அவர் திட்டினதற்காக இல்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

வைகுண்ட ஏகாதசி. அப்பா சொர்க்கவாசல் பார்க்க இரண்டு மணிக்கே திருவல்லிக்கேணி போய்விட்டார். சமையலறையில் நான் மட்டும். நேற்று ஜாங்கிரியும் பாதுஷாவும் பொரித்த எண்ணெய் ஒரு டின்னில் இருந்தது. வனஸ்பதி கலந்தது. வெள்ளையாக உறைந்திருந்தது. பக்கத்தில் புனல், அதிலும் அதே வெள்ளை. கழுவலாம் என்று எடுத்தேன்.

புனலில் டீசல் வாசனை.

அப்படியே வண்டிக்கு ஓடினேன். ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே அதே வெள்ளை, அடைத்துக்கொண்டு. வெயில் ஏறினால் உருகிவிடும். ஷெட்டின் கதகதப்பில் உறையவே உறையாது. எந்தக் கொழுப்பு எந்தச் சூட்டில் உறையும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினவள் நான். இரண்டு வாரமாகப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன்.

அப்பா திரும்பி வந்ததும், டேங்கில் எண்ணெய் விட்டாரா என்று கேட்டேன். மறைக்கவே இல்லை.

"ஒரு தடவை காய்ச்சின எண்ணெயத் திரும்ப அடுப்புல ஏத்த மாட்டேன், உனக்கே தெரியும். எடுத்துண்டு போறவன் தீபாவளிக்கப்புறம் வரலை. சாக்கடையில கொட்டச் சொல்றியா? எண்ணெய்ல வண்டி ஓடறதுன்னு வீடியோவே வந்ததேடி."

நான் சிரித்தேன். ரொம்ப நேரம் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார்.

ஜனவரி 2, வெள்ளி

டேங்கை முழுக்க வடித்து, லைனைச் சுத்தம் செய்து, புது ஃபில்டர் போட்டாயிற்று. "வண்டிக்குப் பாதுஷா ஊட்டிக்கினு இருந்தாரா உங்க அப்பா?" என்று ஹனீஃபா பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஜனவரி 3

முதல் திருகு.

ஜனவரி 8, வியாழன்

சபா முடிந்து இப்போது தரமணி ஆபீஸ்களுக்குக் காலை டிபன். சைதாப்பேட்டை பாலகணேஷ் திங்கட்கிழமையிலிருந்து ஓட்டுகிறார். நல்ல பையன், வண்டி மேல் குறையே சொல்லவில்லை. மைசூருக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டேன். சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். நல்லது என்றார். மோர் விட்டுக்கொள்ளாமலே எழுந்துவிட்டார்.

ஜனவரி 13, செவ்வாய்

கிளம்பவில்லை.

பாலகணேஷ்தான் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். "அக்கா, உள்ள வெள்ளையா கீது." அடுப்பிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து ஃபில்டர் மேல் ஊற்றினோம். இருபது நிமிஷத்தில் எடுத்தது. அவர் போன பிறகு உள்ளே வந்தேன். அப்பா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரெண்டு லிட்டர்தான் விட்டேன்."

தெரிஞ்சே விட்டிருக்கார். தெரிஞ்சே. இந்த வாட்டி வீடியோ இல்லை, ஒண்ணும் இல்லை. எப்படிப்பா மனசு வந்ததுன்னு கேட்டேன். துருவறத நிறுத்தலை.

"இவனும் நின்னுட்டா நீ இருப்பியோன்னு. ஆத்துல ஒத்தையா நான் இருந்ததில்லைடி."

கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். பாதித் தேங்காய் கையில், தலை கவிழ்ந்தபடி அவர். பாவமாகிவிட்டது. கோபம்கூடப் பரவாயில்லை, பாவம்தான் என்னைக் கட்டிப் போடுகிறது. மூன்று வருஷமாக அதுதானே?

ஜனவரி 14, போகி

மைசூருக்கு ஒரு மாதம் தள்ளிக் கேட்டு மெயில் எழுதினேன். அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

ஜனவரி 16, வெள்ளி

அழித்தேன். டேங்கை மறுபடி வடித்தாயிற்று. பாலகணேஷிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பிறகு, பெரியவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

ஜனவரி 18, ஞாயிறு

ரயிலில் எழுதுகிறேன்.

நேற்று டேங்குக்குப் பூட்டு மூடி வாங்கினேன். இன்று விடிவதற்குள் அதைப் போட்டுப் பூட்டி, சாவியை அப்பா கண்ணெதிரேயே பாலகணேஷ் கையில் கொடுத்தேன். அப்பா கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாவி ரெண்டு தந்திருப்பானே" என்றார்.

"இன்னொண்ணு என்கிட்ட இருக்குப்பா."

தலையை ஆட்டினார். ஆட்டோவில் பெட்டியை அவரே தூக்கி வைத்தார்.

அரக்கோணம் தாண்டும்போது பாலகணேஷ் போன் செய்தார். இன்றைக்கு ஒரு கோயில் ஆர்டர். வண்டி முதல் திருகில் எடுத்ததாம். அப்பாவும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாராம். அவரிடம் கொடுங்கள் என்றேன். போனை வாங்க மாட்டேன் என்கிறாராம்.