அம்மா குடிக்காத கசாயம்

ஒக்டோபர் 18, சனி

இன்று முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவில் நான் வாய் திறந்தேன்.

காட்டுக்குள் இருக்கும் அந்த வீட்டுக்கு அம்மாவுக்கு மொழிபெயர்க்கத்தான் போனேன். அங்கே தரும் மூலிகைக் கசாயத்தைக் குடித்துவிட்டுக் கண்மூடிக் கிடந்தால் மனப்பாரம் இறங்குமாம். குடிக்க முதல், அதை நடத்தும் நோர்வேப் பெண் எல்லோரையும் வட்டமாக இருத்தி, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

எதிரே ஒரு தமிழ் அன்ரி இருந்தா. அம்மா அவவைப் பார்த்துவிட்டு, "விற்றமின் மட்டும் எண்டு சொல்லு" என்று முணுமுணுத்தா.

அம்மா மனச்சோர்வுக்குத் தினமும் குளிசை போடுகிறா. வகுப்பில் வாய் திறக்கப் பயந்தே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனாலும் உள்ளதைச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. குளிசையும் கசாயமும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்று அந்தப் பெண் அம்மாவின் கோப்பையை எடுத்துவிட்டார்.

அம்மா என் தொடையில் கிள்ளினா. "நல்லா மொழிபெயர்த்தாய்! இனி ஊரெல்லாம் எனக்கு விசர் எண்டு கதைக்கும்."

நாங்கள் வீட்டுக்குத் திரும்ப வெளியே வந்து சப்பாத்துப் போடும்போது அன்ரி பின்னால் ஓடி வந்தா. "பிள்ளை, நானும் உந்தக் குளிசைதான். சொல்ல வெட்கமாக் கிடக்கு. எனக்கும் ஒருக்காச் சொல்லிவிடன்."

திரும்ப உள்ளே போய்ச் சொன்னேன்.

பஸ்ஸில் அவர்கள் இருவரும் ஒரே சீற்றில் இருந்து, எந்தக் குளிசைக்கு உடம்பு வைக்கும் என்று நாங்கள் இறங்கும் வெஸ்ட்லி வரும்வரை கதைத்தார்கள். அம்மா என்னோடு மட்டும் இன்னும் கதைக்கவில்லை. பரவாயில்லை. பக்கத்து அறையில் குறட்டை விடுகிறா.