இரண்டாவது ரொட்டி

லராஷ்,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி முனீருக்கு,

ஸலாம். அக்கா யாமினா எழுதுகிறேன். நான் நலமாகத்தான் இருக்கிறேன். நீ நலமா என்று கேட்பதற்கு முன்னால், எங்கேடா இருக்கிறாய் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அடுத்த தெரு கன்ஸா ஸ்ட்ராபெரி பறிக்க ஸ்பெயினுக்குப் போகிறாள். நீ கடைசியாகப் போன் செய்ததும் அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்துதானே. அதனால் இதை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் போட்டோவும் கொடுத்திருக்கிறேன். அதில் உனக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது என்று கேட்கிறாள்.

அப்பா ரமலானுக்கு முன்னால் இறந்துவிட்டார். இதை வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதிகம் கஷ்டப்படவில்லை. அம்மாவுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. கடைசி நாட்களில் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடவே விடவில்லை. 

இனி வீட்டு விஷயம். அப்பா உயில் எதுவும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் ஒரு வாரிசுக்கு உயில் செல்லாதாம். சட்டப்படி உனக்கும் அண்ணனுக்கும் இரண்டிரண்டு பங்கு, எனக்கு ஒன்று. டாஞ்சியரிலிருந்து தைய்யிப் அண்ணன் வந்தான், விற்றே ஆக வேண்டும் என்கிறான். அவன் பெண்டாட்டி தர்ப்பூசணி வாங்குபவள் போலச் சமையலறைச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். நான் எங்கே போவேன் என்று கேட்டேன். “எங்களோட வந்து இரேன் யாமினா, பிள்ளைங்களுக்கும் துணையா இருக்கும்” என்றான். மாவு பிசையவும் துணி துவைக்கவும் ஆள் வேண்டும் என்பதற்கு இப்படி ஒரு பெயர் வைத்திருக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விற்க முடியாமல் தடுப்பது நீதான். உன் கையெழுத்து இல்லாமல் வீட்டை விற்க முடியாது. நீ இறந்துவிட்டாய் என்று நீதிபதி சொல்லிவிட்டால் முடியும். அதற்கு முதல் படியாக, உன்னைப் பற்றி வருஷக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை, நீ உயிரோடு இருப்பதாக நம்பவில்லை என்று தெருக்காரர்கள் பன்னிரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். வாரிசுப் பத்திரம் எழுதும் அதூல் ஸி பூஷ்தாவின் அறைக்கு அண்ணன் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனான். நானும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருவராக வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்கள். உன்னோடு பந்து விளையாடிய அந்த நாவிதன் பஷீரும் சொன்னான்.

கடைசி ஆள், தெருவில் எல்லோரும் பிசைந்து அனுப்பும் ரொட்டியைச் சுட்டுத் தரும் நம் அடுப்புக்காரர் பா அல்லால். அந்த மனிதர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே, “நான் சொல்ல மாட்டேன்” என்றார். எல்லோரும் திகைத்துப்போனோம். “அவங்கப்பா போன பிறகும் இந்தப் பொண்ணு வீட்டுப் பலகையில தினம் ரெண்டு ரொட்டி என் அடுப்புக்கு வருது. இவ ஒத்த ஆளு. அப்ப ரெண்டாவது யாருக்கு? தம்பிக்குத்தானே? அக்கா ரொட்டி சுட்டு வெச்சுக் காத்துக்கிட்டிருக்கா, நான் அவன் செத்துட்டான்னு சொல்லணுமா?” என்றார்.

“ராத்திரிக்கு அவளே தின்பா, பா அல்லால்” என்றான் அண்ணன்.

“அந்த ஒல்லி உடம்பா? போப்பா, வேலையைப் பாரு” என்றார் அவர்.

ஸி பூஷ்தா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அப்படியாம்மா?” என்று கேட்டார்.

முனீர், அண்ணன் சொன்னதுதான் உண்மை. ராத்திரி ஆலிவ் எண்ணெயும் டீயும் வைத்துக்கொண்டு அந்த ரொட்டியை முழுசாகத் தின்பவள் நான்தான். உனக்குத்தான் தெரியுமே என் வயிறு. ஆனால் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து ஸி பூஷ்தா தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மறுநாள் பஷீரும் போய்த் தன் சாட்சியத்தை அடித்துவிடச் சொல்லிவிட்டானாம். இப்போது தெருவில் யாரும் அண்ணன் பேச்சுக்கு மசிவதில்லை. வழக்கே போடுகிறேன் என்று கத்திவிட்டு, டீகூடக் குடிக்காமல் ஊருக்குப் போய்விட்டான்.

நீ செத்தவன் என்றால் எனக்கு வீடு இல்லை. நீ வந்து கையெழுத்துப் போட்டாலும் வீடு இல்லை. நீ காணாமல் போனவனாகவே இருக்கும்வரைதான் என் தலைக்குமேல் கூரை. ஒருநாள் தையல்காரருக்குப் பொத்தான் பின்னிக்கொண்டிருக்கும்போது, இவன் இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று மனசுக்குள் ஓடியது. சீ என்று ஆகிவிட்டது. நூலைப் போட்டுவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன்.

பேச ஆள் இல்லை முனீர். ஜெல்லாபா அங்கிக்குப் பட்டுப் பொத்தான் பின்னித் தருகிறேன், தையல்காரர் வாசலிலேயே வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அடுப்புக்குப் போனால் பா அல்லால் உன் ரொட்டியை முதலில் எடுத்துத் தருகிறார். “தம்பியோடது கருகாம பார்த்துக்கிட்டேன்” என்கிறார்.

அதைத்தான் சொல்ல வந்தேன். அவர் அப்படிச் சொன்ன நாளிலிருந்து அந்த ரொட்டி என் தொண்டையில் இறங்கவில்லை. துணியில் சுற்றி வைத்துவிடுகிறேன். காலையில் மாடிப் புறாக்களுக்குப் பிய்த்துப் போடுகிறேன். ராத்திரி வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுக்கிறேன். பசிக்கிறதுடா.

கன்ஸா உன்னைக் கண்டுபிடித்தால், அவளிடம் கையெழுத்துக் காகிதம் எதுவும் கொடுத்தனுப்பாதே. நீயே வா. வீடு போனால் போகட்டும், டாஞ்சியரில் போய் மாவு பிசைகிறேன். அல்லாஹ் உன்னை எங்கிருந்தாலும் காக்கட்டும். நானும் தாழ்ப்பாள் போடுவதில்லை. வரும் வழியில் எங்கும் சாப்பிட்டுவிடாதே.

உன் அக்கா,
யாமினா