திறக்காதவர்கள் பட்டியல்

இன்று காலை வெள்ளிக்கிழமைக் கடிதத்தை அனுப்பி முடித்ததும் கம்ப்யூட்டர் அதன் வழக்கமான கேள்வியைக் கேட்டது. ஆறு மாதமாக என் மெயிலைத் திறக்காதவர்கள் நாற்பது பேர், நீக்கிவிடலாமா என்று. பட்டியலில் முதல் பெயர் உன்னுடையது. டீ ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பட்டியலைத் தொடங்கி வைத்தவளே நீதான். குரோஷா ஊசிப் பின்னல் சொல்லித்தர நான் ஒரு வலைப்பூவும் வெள்ளிதோறும் மெயிலில் ஒரு கடிதமும் ஆரம்பித்தபோது, படிக்க ஆள் வேண்டுமே என்று, சித்தூர் சர்ச்சில் அறுப்பின் பண்டிகையன்று கோடு போட்ட நோட்டோடு விற்பனை மேசையருகே நின்றாய். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மெயில் ஐடி கேட்டாய். நம் அத்தைமார்களுக்கு ஏது மெயில்? பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் ஐடியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மேசை விரிப்புக்குப் பூ போடுவது எப்படி என்ற என் முதல் கடிதம் இருபத்தாறு சாஃப்ட்வேர் பையன்களுக்குப் போனது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீ அசரவில்லை.

"அம்மாவுக்குக் காட்டுவானுங்கடி. எழுதிக்கின பேரை அடிக்கக் கூடாது" என்றாய்.

பிறகு நீ திருப்பதிக்குக் குடிபோனாய். பட்டியல் ஆயிரத்தைத் தாண்டியது, எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. திறக்காதவர்களை வைத்திருந்தால் மற்றவர்களுக்கும் கடிதம் ஸ்பாமுக்குப் போய்விடும் என்று ஓர் ஆன்லைன் வகுப்பில் சொன்னார்கள். நீக்கலாம் என்று உட்கார்ந்தால், அதில் உன் பெயர். ஒரு கடிதத்தைக்கூட நீ திறக்கவில்லையாம். சுருக்கென்றது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, கோபத்தோடு அழுத்தினேன்.

இரண்டு மாதம் கழித்து போனில் நீயே கேட்டாய், இப்போதெல்லாம் லெட்டர் எழுதுவதில்லையா என்று.

"படிக்கிறவங்களுக்குப் போய்க்கினுதான் இருக்குது" என்றேன்.

நீ என் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

உன் அடக்கம் முடிந்து உன் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது உன் கணவர் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே உள்ளங்கை அளவுப் பின்னல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, சீட்டில் என் கடிதத்தின் தலைப்பு, உன் கையெழுத்தில்.

"மெயில்ல படம் வந்தா நெட்டு சீக்கிரம் தீர்ந்துபோதுன்னு படத்தை நிறுத்தி வெச்சிருந்தா. எழுத்தை மட்டும் படிச்சிக்கினே போடுவா" என்றார்.

படம் இறங்கினால்தான் கடிதத்தைத் திறந்ததாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும் என்பது எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. ஒரு சீட்டில், "மூணாவது வரிசையில இவ ஒரு கண்ணி விட்டு எழுதியிருக்கா, நேர்ல பாத்தா சொல்லணும்" என்று எழுதியிருந்தாய். நான் உன் பெயரை அடித்த வாரத்தோடு பின்னல்கள் நின்றிருந்தன.

என்னோடு ஒரு சண்டை போட்டிருக்கக் கூடாதா நீ? வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் அன்றைக்கே எல்லாம் விளங்கியிருக்கும். உன்மேல் பழி போட்டுப் பார்க்கிறேன், அவ்வளவுதான். தப்பு என்னுடையது.

ஊர் திரும்பியதும் உன் பெயரை மறுபடி சேர்த்தேன். இப்போதெல்லாம் படம் பார்க்காமலே போட முடிகிற மாதிரிதான் எழுதுகிறேன், அனுப்பும் முன் கண்ணிகளை இரண்டு தரம் எண்ணுகிறேன். நீ ஒரு வரி விடாமல் படித்த காலமெல்லாம் திறக்கவில்லை என்று சொன்ன கம்ப்யூட்டர், இன்று உண்மையைத்தான் சொல்கிறது. ஆனாலும் அழுத்த மனம் வரவில்லை. எந்தப் பையன் எந்த அம்மாவுக்குக் காட்டுகிறானோ, நாற்பது பேரும் இருக்கட்டும்.