தம்பிக்கு முன்னே வளர்ந்த அண்ணன்

காஜா பேராங், மலாக்கா
14.9.1957

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? தைப்பிங்கில் நல்ல மழையாமே, ஈரத்தில் நிற்காதீர்கள். நான் நலம்.

ஆய்வுக்கூடத்தில் நஞ்சுக்கொடியின் செல்களைக் கண்ணாடிக் குழாயில் வளர்க்கிறோம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? மூன்று முறையும் பூஞ்சை பிடித்துவிட்டது. நான்காவதும் கெட்டால் ஆராய்ச்சியை நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர்.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுச் சுல்தானா அக்காவுக்கு மகன் பிறந்தான். அவருடைய மாமியார் மலாய்க்காரர். அவர்கள் வழக்கத்தில் நஞ்சுக்கொடி குழந்தைக்கு அண்ணன். கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றிப் புதைப்பார்கள். ஆய்வுக்கு அதில் நகத்தளவு துண்டு கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது; ஆனாலும் கேட்டேன். மாமியாரிடம் பேசிவிட்டு அக்கா சொன்னார்: "எடுத்துக்கோ லா. ஆனா அண்ணனைப் பட்டினி போட்டுடாதே!"

ஆறாம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தேன். பூஞ்சையே இல்லை. துண்டின் ஓரமெங்கும் புதிய செல்கள் விசிறிபோல் விரிந்திருந்தன, அம்மா! அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"இவனுக்கு இன்னும் ஒழுங்கா பால் குடிக்கத் தெரியலை, அண்ணன் அதுக்குள்ள வளர்ந்துட்டானா!" என்று சிரித்தார். மாமியார் மஞ்சள் சோறு இரண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்தார், எனக்கொன்று, அண்ணனுக்கொன்று. இரண்டையும் அறையில் நானே சாப்பிட்டேன்.

செல்களை விட்டுவிட்டுத் தீபாவளிக்கு வர முடியாது, அம்மா. புதுச்சேலை வேண்டாம். நுண்ணோக்கி துடைக்க மென்மையான துணி தேவைப்படுகிறது; உங்கள் பழைய நூல் சேலை ஒன்றை அனுப்புங்கள். துடைக்க ஒரு முனை போதும்; ஆனாலும் கிழிக்காமல் முழுச் சேலையாகவே அனுப்புங்கள்.

செல்களுக்குச் சத்துநீர் மாற்ற நேரமாயிற்று, ஓடுகிறேன்.

மகள்
கமலவேணி